ஆரம்பப் பாடசாலைகளில் பிரதி அதிபரின் கடமையும் பணிச்சுமையும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கையின் அரச பாடசாலைகளில் அதிபருக்கு அடுத்த நிலையில் இருந்து, அவர் இல்லாத வேளையில் பாடசாலையின் முழுப் பொறுப்பையும் ஏற்பதோடு, அவர் இருக்கும் வேளையில் அவர் பகிர்ந்தளிக்கும் நிருவாகக் கடமைகளையும் கல்விசார் கடமைகளையும் ஆற்றுபவர் பிரதி அதிபர் எனப்படுகிறார். இடைநிலைப் பாடசாலைகளைப் பொறுத்தவரையில் இப்பதவியைப் பற்றி ஓரளவு பேசப்பட்டு வந்திருக்கிறது. தரம் 1 முதல் தரம் 5 வரையிலான ஆரம்பக் கல்வியில் இப்பதவியின் நிலை என்ன, அதை வகிப்பவரின் நாள் எவற்றால் நிரம்புகிறது, அப்படி நிரம்புவதால் எது விடுபட்டுப் போகிறது என்பன அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. பதவி பாடசாலையின் வகையையும் மாணவர் தொகையையும் பார்த்து வழங்கப்படுகிறது. வேலையோ சிறிய பாடசாலை, பெரிய பாடசாலை என்று பாராமல் எல்லா இடத்திலும் இருக்கிறது. இந்தப் பொருத்தமின்மையின் விளைவாக, பிரதி அதிபரிடமிருந்து ஆரம்பக் கல்விக்கு மிக வேண்டிய பணி, அதாவது முதலிரு தரங்களில் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கவும் எண்ணவும் கற்றுக்கொள்கிறதா என்று அருகிருந்து கவனிக்கும் பணி, மற்றெல்லாப் பணிகளுக்கும் முன்பாகக் கைவிடப்படுகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திருகோணமலை மாவட்டம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களம். வடக்கே தென்னமரவாடியிலிருந்து தெற்கே வெருகல் வரை நீளும் இம்மாவட்டம் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளையும், திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய 5 கல்வி வலயங்களையும் கொண்டது. வலயம் என்பது ஒரு வலயக் கல்விப் பணிப்பாளரின் கீழ் இயங்கும் நிருவாக அலகு. அதன் உட்பிரிவு கோட்டம் எனப்படும். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்போது மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகங்களும் கணிசமாக வாழும் மாவட்டம் இது என்பதால், தமிழ்மொழிப் பாடசாலைகளும் சிங்களமொழிப் பாடசாலைகளும் ஒரே மாவட்டத்தில், சில இடங்களில் ஒரே வீதியில், தனித்தனியே இயங்குகின்றன. துறைமுக நகரில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பயிலும் நூற்றாண்டு கடந்த கல்லூரிகள் இருக்க, கொட்டியாரக் குடாவின் தென்கரையிலும் குச்சவெளிக்கு வடக்கேயும் சில பத்துப் பிள்ளைகளுடன் இயங்கும் பாடசாலைகள் இருக்கின்றன. நாட்டின் ஏனைய பகுதிகளில் தனித்தனியே காணப்படும் சிக்கல்களை இங்கு ஒருசேரக் காணலாம்.

பிரதி அதிபர் பதவி எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை அறிய, பாடசாலைகளின் வகைப்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் உள்ளிட்ட எல்லாத் துறைகளையும் கொண்டவை 1 ஏபி பாடசாலைகள். கலை, வர்த்தகத் துறைகளை மட்டும் கொண்டவை 1 சி பாடசாலைகள். தரம் 11 வரை உள்ளவை வகை 2. தரம் 5 வரையிலோ சில இடங்களில் தரம் 8 வரையிலோ உள்ளவை வகை 3. ஆகவே ஆரம்பக் கல்வி இரு வேறு சூழல்களில் நடைபெறுகிறது. ஒன்று, பெரிய கல்லூரியின் ஆரம்பப் பிரிவு. மற்றொன்று, தனித்து நிற்கும் ஆரம்பப் பாடசாலை. முதலாவதில் பிரதி அதிபரோ உதவி அதிபரோ பகுதித் தலைவரோ ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பார். பகுதித் தலைவர் என்பவர் பெரும்பாலும் ஆசிரியர் சேவையைச் சேர்ந்த மூத்த ஆசிரியரே. பிரிவொன்றை நடத்தும் பொறுப்பு அவருக்கு இருந்தாலும், சேவை நிலையால் அவர் தம் சக ஆசிரியர்களில் ஒருவரே. இரண்டாவதில் பல இடங்களில் அதிபரைத் தவிர நிருவாகப் பதவி என்று எதுவுமில்லை.

பதவிக்கு வருவோர் இலங்கை அதிபர் சேவையைச் சேர்ந்தவர்கள். 2014இல் வெளியான சேவைப் பிரமாணக் குறிப்பின்படி, அதாவது ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு ஆகியவற்றை வரையறுக்கும் அரச ஆவணத்தின்படி, இச்சேவை மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆசிரியர் சேவையில் குறித்த காலம் பணியாற்றியோர் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து மூன்றாம் தரத்தில் நுழைகின்றனர். பாடசாலையின் அளவைப் பொறுத்து அவர்கள் அதிபராகவோ பிரதி அதிபராகவோ உதவி அதிபராகவோ நியமிக்கப்படுகின்றனர். சேவையில் ஆட்பற்றாக்குறை நீண்டகாலம் நிலவியதால், ஆசிரியர் சேவையைச் சேர்ந்தோரே 'கடமை நிறைவேற்று அதிபர்' என்ற பெயரில் பல பாடசாலைகளை நடத்தி வந்தனர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் நான்காயிரத்துக்கு மேற்பட்டோர் மூன்றாம் தரத்துக்கு நியமனம் பெற்றபோது இந்நிலை ஓரளவு மாறியது. எனினும் நியமனம் பெற்றோரில் பலர் வீட்டுக்கு அருகிலுள்ள பெரிய பாடசாலையில் பிரதி அதிபராகவோ உதவி அதிபராகவோ இருக்க விரும்புவது இயல்பு. தொலைவிலுள்ள சிறிய பாடசாலைக்கு அதிபராகச் செல்ல அதே விருப்பம் இருப்பதில்லை. ஆகவே சேவையில் ஆட்கள் கூடினாலும், ஆரம்பக் கல்விக்கு ஆள் மிகத் தேவைப்படும் இடங்களில் அந்தக் கூடுதல் பெரிதாக உணரப்படவில்லை.

இன்றைய சுமையின் ஒரு பகுதி வரலாற்றிலிருந்து வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அரசு உதவிபெறும் பாடசாலைகள் அரசினால் பொறுப்பேற்கப்படும் வரை, திருகோணமலையின் தமிழ்ப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கத்தோலிக்கத் திருச்சபை, மெதடிஸ்த மிஷன், இராமகிருஷ்ண மிஷன் போன்ற அமைப்புகளின் கையில் இருந்தன. 1867இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரி, 1897இல் தோன்றிய கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, 1923இல் தோன்றிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி ஆகியவை அந்த மரபைச் சேர்ந்தவை. அந்த ஏற்பாட்டில் முகாமையாளர் என்றொருவர் பாடசாலைக்கு வெளியே இருந்தார். கட்டடம், நிதி, ஆசிரியர் நியமனம், அரசுடனான கடிதப் போக்குவரத்து ஆகியன அவருடையவை. தலைமையாசிரியரின் கவனம் பெருமளவு வகுப்பறையிலேயே இருந்தது. அவ்வேற்பாட்டில் மதமாற்ற அச்சமும், ஆசிரியர் உரிமைகள் முகாமையாளரின் தயவில் நின்றதும் போன்ற கடுமையான குறைகள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. பொறுப்பேற்பு பல வகையில் நியாயமானதே. ஆனால் முகாமையாளர் மறைந்தபோது அவருடைய அன்றாட வேலை மறையவில்லை. நியமன அதிகாரம் திணைக்களத்துக்குச் சென்றது. கூரை ஒழுகினால் கடிதம் எழுதுவதும், தளபாடக் கணக்கெடுப்பதும், பெற்றோரிடம் நிதி திரட்டுவதும் பாடசாலைக்குள் வந்தன. அதிபரிடம் வந்த வேலையின் மறுபாதி காலப்போக்கில் பிரதி அதிபரிடம் சேர்ந்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியபோது பாடசாலைக்கு மேலுள்ள நிருவாக அடுக்கு மேலும் உயர்ந்தது. மாகாணப் பாடசாலை ஒன்றுக்குமேல் கோட்டம், வலயம், மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சு, மத்திய கல்வி அமைச்சு எனப் பல நிலைகள் நிற்கின்றன. வடக்கு கிழக்கு இணைப்பு முடிவுக்கு வந்து 2007 தொடக்கத்திலிருந்து கிழக்கு தனி மாகாணமாக இயங்குகையில், அதன் தலைமையகம் திருகோணமலை நகரிலேயே அமைந்திருக்கிறது. அலுவலகம் அருகில் இருப்பதன் பயனும் தொல்லையும் நகரப் பாடசாலைகளுக்கே கூடுதலாகக் கிடைக்கின்றன. விழா, வரவேற்பு, அதிகாரிகளின் வருகை என்று வரும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் பொறுப்பு ஆரம்பப் பிரிவுக்கே வருகிறது. ஒவ்வொரு நிலையும் தனக்கென ஒரு படிவம், ஒரு காலக்கெடு, ஒரு முன்னேற்ற அறிக்கை வைத்திருக்கிறது. ஒரே மாணவர் தொகையை ஆண்டுக்குப் பலமுறை, பல வடிவங்களில், பல இடங்களுக்கு அனுப்பவேண்டியிருக்கிறது. கல்வி முகாமைத்துவத் தகவல் முறைமை இணையத்தில் வந்த பின்னர் தாள் குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. நடைமுறையில் இணையப் பதிவும் தாளும் வட்ஸ்அப் குழுவில் வரும் 'உடன் அனுப்பவும்' என்ற கோரிக்கையும் ஒன்றோடொன்று சேர்ந்தே நடக்கின்றன. தமிழ்மொழிப் பாடசாலைகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மத்திய அமைச்சின் சில சுற்றுநிருபங்களும் படிவங்களும் தமிழ்ப் பிரதி வந்துசேர்வதற்கு முன் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்துவிடுவதால், அம்மொழிகளில் ஒன்றில் தேர்ச்சியுள்ளவரிடம் அவ்வேலை போய்ச் சேருகிறது; பல பாடசாலைகளில் அவர் பிரதி அதிபராகவே இருக்கிறார்.

பாடசாலை நாள் காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 வரை நடைபெறுகிறது. அதற்கு முன்பே வாயிலில் நின்று பிள்ளைகள் வருவதைப் பார்ப்பதும், காலைப் பிரார்த்தனையை ஒழுங்குசெய்வதும், குறித்த நேரம் கடந்ததும் ஆசிரியர் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு இடப்படுவதைக் கவனிப்பதும் பிரதி அதிபரின் முதல் வேலைகள். விரலடையாள இயந்திரம் வந்த பாடசாலைகளிலும் இந்தக் கோட்டின் அதிகாரம் முற்றாக நீங்கிவிடவில்லை. நகரிலிருந்து மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் நாள்தோறும் பேருந்தில் சென்றுவரும் ஆசிரியர்கள் பலர். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன்பின் மூதூர் வீதியின் ஏனைய பாலங்களும் திறக்கப்படும் வரை அவர்கள் இயந்திரப் படகுகளையும் துறைகளையும் நம்பியிருந்தனர். இப்போது பேருந்தை நம்பியிருக்கின்றனர். பேருந்து தாமதித்தால் ஒரே நேரத்தில் நான்கு வகுப்புகள் ஆசிரியரின்றி நிற்கும்.

ஆரம்பப் பிரிவில் ஆசிரியர் ஒருவர் வராமற்போவதன் தாக்கம் இடைநிலையில் ஏற்படுவதிலிருந்து வேறுபட்டது. இந்த வேறுபாட்டைக் கல்வித் திட்டமிடுவோர் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை என்றே சொல்லவேண்டும். இடைநிலைப் பிரிவில் பாடத்துக்கொரு ஆசிரியர் இருப்பதால், வராதவரின் பாடவேளைகளை அந்த நேரத்தில் ஓய்வாயிருக்கும் ஐந்தாறு பேருக்குப் பகிர்ந்துவிடலாம். ஆரம்பப் பிரிவில் முதல்மொழி, கணிதம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் ஆகியவற்றை ஒரே வகுப்பாசிரியர் நாள் முழுவதும் கற்பிக்கிறார். எல்லோரும் தத்தம் வகுப்பில் இருப்பதால் ஓய்வாயிருப்பவர் எவருமில்லை. ஆறு வயதுப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட முடியாது; 'பாடத்தை எழுதுங்கள்' என்று சொல்லிவிட்டு நகரவும் முடியாது. எனவே இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி அறுபது, எழுபது பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் இருத்த வேண்டும், அல்லது பிரதி அதிபர் தாமே அந்த வகுப்பில் நிற்க வேண்டும். மகப்பேற்று விடுமுறை, ஆசிரியர் பயிற்சி, பரீட்சைக் கடமை ஆகியன சேர்ந்து வரும் மாதங்களில், பிரதி அதிபரின் நேரசூசியில் எழுதியிருப்பது வேறு, நடப்பது வேறு. கல்வியியற் கல்லூரிகளில் ஆரம்பக் கல்வி பயின்று வருவோர் போதாத இடங்களில் பட்டதாரி ஆசிரியர்களோ தொண்டர் ஆசிரியர்களோ வகுப்பை ஏற்கின்றனர். அவர்களுக்கு ஆரம்பக் கல்வி முறையைப் பழக்குவதும் பிரதி அதிபரின் கடமையே.

பதில் வகுப்புக்கு அடுத்த பெரும் பகுதி நலன்புரி வேலை. அரச பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் 2024 முதல் காலை உணவு வழங்கப்படுகிறது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளை எண்ணினால் இதன் தேவையை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வழங்குநர் நேரத்துக்கு வந்தாரா, எத்தனை பிள்ளைகள் வந்துள்ளனர், உணவு உண்ணத்தக்கதா, கைகழுவத் தண்ணீர் இருக்கிறதா, கொடுப்பனவுக்கான கணக்கு எழுதப்பட்டதா என்பனவெல்லாம் ஒருவருடைய காலைப் பொழுதைக் கேட்கின்றன. தரம் 1, 4 பிள்ளைகளுக்கான பாடசாலை மருத்துவப் பரிசோதனை, பற்சிகிச்சை, டெங்கு ஒழிப்புச் சிரமதானம், இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் பகிர்தல் ஆகியவையும் இவ்வாறே. ஆண்டின் தொடக்கத்தில் தரம் 1 பிள்ளைகளுக்கான கால்கோள் விழாவும், அவர்களுடைய ஆரம்பத் திறன்களை அறிவதற்கான இனங்காணல் செயற்பாடும். ஆண்டின் நடுவில் அடுத்த ஆண்டு அனுமதிக்கான விண்ணப்பங்கள், நேர்முகம், மேன்முறையீடு. இடையே சிறுவர் விளையாட்டு விழாவும் வாணி விழாவும் ஒளி விழாவும் மீலாத் விழாவும். ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமானது என்பதாலேயே எதையும் விலக்கு என்று சொல்ல முடியாமல் போகிறது.

பெரிய கல்லூரிகளின் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பானவரின் நிலையில் ஒரு தனி முரண்பாடு உண்டு. ஐந்நூறு, அறுநூறு பிள்ளைகளும் இருபதுக்கு மேற்பட்ட ஆசிரியர்களும் உள்ள ஒரு பிரிவு, தனியே நின்றிருந்தால் நடுத்தரப் பாடசாலையாகக் கணக்கிடப்பட்டு, அதற்கென அதிபரும் பிரதி அதிபரும் கிடைத்திருப்பர். கல்லூரிக்குள் இருப்பதால் அதை நடத்துபவருக்குப் பொறுப்பு முழுதாகவும் அதிகாரம் பகுதியாகவும் இருக்கிறது. நிதியைச் செலவிடவும், ஆசிரியரை வகுப்புக்கு ஒதுக்கவும், பெற்றோரின் முறைப்பாட்டுக்கு முடிவு சொல்லவும் அவர் அதிபரின் அறைக்குச் செல்லவேண்டும்; அதிபரின் கவனமோ சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் மீது இருக்கிறது, ஏனெனில் கல்லூரியின் பெயர் அவற்றால் அளக்கப்படுகிறது. ஆரம்பப் பிரிவிலிருந்து அந்த அளவுக்குப் பேசப்படுவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஒன்றே. ஆதலால் தேர்ந்த ஆசிரியர்கள் தரம் 4, 5க்கு ஒதுக்கப்படுவதும், பிற்பகல் வகுப்புகளுக்கான மேற்பார்வை பிரதி அதிபரின் நாளை மேலும் நீட்டுவதும் நடக்கின்றன. புதிதாக வந்தவரோ விரைவில் இடமாற்றம் பெறப் போகிறவரோ தரம் 1ஐப் பெறுகிறார். வாசிப்பின் அடித்தளம் இடப்படும் ஆண்டுக்கு இதைவிடத் தவறான ஒதுக்கீடு இருக்க முடியாது.

சிறிய பாடசாலையின் கதை இதற்கு நேர்மாறானது. நாட்டில் ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த அரச பாடசாலைகள் ஏறத்தாழ 1,500 உள்ளன. திருகோணமலை மாவட்டத்தின் கஷ்டப் பிரதேசங்களிலும் இத்தகையவை உண்டு. இங்கே அதிபர் தாமே ஒரு வகுப்பை, சில இடங்களில் பல்தரக் கற்பித்தல் முறையில் இரண்டு மூன்று தரங்களை ஒரே அறையில், கற்பிக்கிறார். வலயக் கூட்டத்துக்கு அவர் செல்லும் நாளில் மூத்த ஆசிரியர் ஒருவர் சாவிக்கொத்தையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும், அதாவது பாடசாலையின் அன்றாட முக்கிய நிகழ்வுகள் பதியப்படும் ஏட்டையும், பொறுப்பேற்கிறார். அவர் செய்வது பிரதி அதிபரின் வேலை. அதற்கான பதவிப் பெயரோ படியோ பயிற்சியோ அவருக்கு இல்லை. அதிபர் சேவைக்கான நேர்முகத்தில் அவருடைய இந்த ஆண்டுகளை நிறுவ ஓர் ஆவணமும் அவரிடம் இருப்பதில்லை. பிரதி அதிபர்களின் பணிச்சுமையைப் பற்றிய எந்தக் கணக்கெடுப்பும் பதவியில் உள்ளோரை மட்டும் எண்ணுமானால், இவர்கள் அதில் தோன்றவே மாட்டார்கள்.

இந்த மாவட்டத்தில் பாடசாலை பள்ளிக்கூடமாக மட்டும் இருந்ததில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னரும், 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோதும் பாடசாலைக் கட்டடங்கள் முகாம்களாயின. சம்பூர் மக்கள் 2015 முதல் மீளக்குடியேறியபோது, பாடசாலைகளை மீண்டும் தொடங்குவது என்பது தொலைந்துபோன சேர்வு இடாப்புகளையும் விடுகைப் பத்திரங்களையும் திரட்டுவதிலிருந்து தொடங்கிற்று. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்டோர் உயிரிழந்த பின்னர், பிள்ளை எவ்வழியாக வீட்டிலிருந்து வருகிறது என்பதும் பாடசாலையின் கவலையாகியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டு மூதூர், வெருகல் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது, உயரமான இடத்திலிருந்த பாடசாலைகளையே மக்கள் நாடினர். இத்தகைய வேளைகளில் அதிபர் பிரதேச செயலகத்தோடும் படையினரோடும் பேசிக்கொண்டிருக்க, வகுப்பறைகளைத் திறந்துவிடுவது, தளபாடங்களைக் காப்பது, மக்கள் போன பின் சுத்தம் செய்வித்து மீண்டும் மணி அடிப்பது ஆகியவற்றைச் செய்கிறவர் அவருக்கு அடுத்தவரே. எந்தக் கடமைப் பட்டியலிலும் இது எழுதப்பட்டிருக்கவில்லை.

இலங்கை ஆசிரியர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆரம்பப் பிரிவில் இவ்விகிதம் இன்னும் அதிகம். ஆனால் அதிபர் பதவியை நோக்கி மேலே செல்லச் செல்ல ஆண்களின் தொகை கூடுகிறது. ஆரம்பப் பிரிவின் பகுதித் தலைவர், உதவி அதிபர் ஆகிய நிலைகளிலேயே பல பெண்கள் நின்றுவிடுகின்றனர். கஷ்டப் பிரதேசத்துக்கு அதிபராகச் சென்று தங்குவதற்கான வசதியின்மையும், வீட்டுப் பொறுப்பும் இதற்குக் காரணங்கள். அத்துடன், சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெண்ணுக்கு இயல்பாக வரும் வேலை, அதற்குத் தனி நேரமோ ஊதியமோ தேவையில்லை என்ற பார்வை இப்பதவியின் மதிப்பையே குறைத்து வைத்திருக்கிறது. 1997 முதல் தீராதிருந்த ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டுக்கு எதிராக 2021 ஜூலையில் தொடங்கிய மூன்று மாதப் பணிப்புறக்கணிப்பில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றோரில் இவர்களும் அடங்குவர்.

இனி, இவ்வளவு வேலைக்கும் நடுவில் விடுபடுவது எது என்பதைப் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் தொடங்கிய கொவிட் மூடல்களுக்குப் பின், 2021 டிசம்பரில் தரம் 3 மாணவரிடையே நாடளாவிய மதிப்பீடொன்று நடத்தப்பட்டது. எழுத்தறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சியை எட்டியோர் 34 வீதத்தினர். எண்ணறிவில் எட்டியோர் 7 வீதத்தினர் மட்டுமே. தரம் 3இல் நூற்றில் தொண்ணூற்று மூன்று பிள்ளைகள் அடிப்படைக் கணக்கில் பின்தங்கியிருந்ததாகக் காணப்பட்ட ஒரு நாட்டில், ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பானவரின் முதற்கடமை எதுவென்பதில் ஐயம் இருக்க முடியாது. வகுப்பறைக்குள் அமர்ந்து பிள்ளை வாசிப்பதைக் கேட்பது, பின்தங்கிய பிள்ளைகளைப் பெயர்பெயராக அறிந்திருப்பது, ஆசிரியரோடு அமர்ந்து அடுத்த வாரத்துக்கான வழியை வகுப்பது என்பன உள்ளக மேற்பார்வை எனப்படும் பணியின் உட்பொருள். நடைமுறையில் அது பாடக்குறிப்பேட்டில் கையொப்பமிடுவதாகவும், வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்கான கோப்பாகவும் சுருங்கிவிட்டது. கல்வியின் தர உறுதிப்பாட்டுக்கென வகுக்கப்பட்ட எட்டுத் துறைகளில் ஒவ்வொன்றுக்கும் சான்றாவணம் கேட்கப்படுவதால், சான்றைத் தயாரிக்கும் நேரம் செயலுக்கான நேரத்தை விழுங்கிவிடுகிறது. இது தனியாட்களின் சோம்பல் அன்று. உணவு வராவிட்டால் அன்றே முறைப்பாடு வரும். படிவம் செல்லாவிட்டால் மறுநாள் தொலைபேசி வரும். தரம் 2 பிள்ளை ஒன்று வாசிக்கத் தெரியாமல் தரம் 3க்குச் சென்றால் எவரும் கேட்பதில்லை.

பிற நாடுகளின் ஆய்வுகள் இவ்விடத்தில் உதவுகின்றன. இங்கிலாந்தில் 1960களில் பீட்டர் பேர்ணம் பிரதி அதிபர்களைப் பற்றி எழுதியபோது, இலக்கை நோக்கிச் செலுத்தும் தலைமை அதிபருக்கும், ஆசிரியர்களின் மனநிலையையும் உறவையும் பேணும் தலைமை பிரதி அதிபருக்கும் உரியதாகக் கண்டார். இப்பிரிவினை திருகோணமலைப் பாடசாலைகளுக்கும் அந்நியமானதன்று. ஆசிரியர் அறையின் மனக்கசப்புகள் முதலில் வந்துசேருவது பிரதி அதிபரிடமே. ஆனால் இதை நிலையான ஏற்பாடாக ஏற்றால், கற்பித்தலைப் பற்றிய முடிவுகளிலிருந்து அவர் நிரந்தரமாக விலக்கப்படுவார். பின்னர் மோர்ட்டிமோரும் அவருடைய குழுவினரும் உள் இலண்டனின் 50 ஆரம்பப் பாடசாலைகளில், ஏறத்தாழ 2,000 பிள்ளைகளை நான்காண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலில், பயன்தரும் பாடசாலையின் பன்னிரண்டு காரணிகளுள் ஒன்றாகப் பிரதி அதிபரின் பங்கேற்பைக் குறிப்பிட்டனர். கொள்கை முடிவுகளில், சிறப்பாக எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்கு ஒதுக்குவது என்பதில், அதிபர் அவரைச் சேர்த்துக்கொண்ட இடங்களில் பிள்ளைகளின் முன்னேற்றம் கூடியது. அவர் அடிக்கடி இல்லாமற்போன, மாறிய பாடசாலைகளில் முன்னேற்றம் குன்றியது. தரம் 1 வகுப்பை யாருக்குக் கொடுப்பது என்ற மேலே சொன்ன கேள்விக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. 2005 முதல் இங்கிலாந்தில் ஆசிரியர் அனைவருக்கும் கற்பித்தல் நேரத்தில் பத்திலொரு பங்கு திட்டமிடலுக்கென உறுதிசெய்யப்பட்டதும் கவனிக்கத்தக்கது. மறுபுறம், தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளைப் பிணிக்கும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 150 பிள்ளைகளுக்கு மேற்பட்டால்தான் தனித் தலைமையாசிரியரை விதிக்கிறது. அவருக்கு அடுத்த பதவியைப் பற்றி அது பேசவே இல்லை. அங்கும் மூத்த ஆசிரியரே அவ்வேலையைச் சுமக்கிறார்.

பதவிகளைக் கூட்டினால் சுமை குறையும் என்பது பொதுவாக முன்வைக்கப்படும் தீர்வு. நகரின் பெரிய பாடசாலைகளில் பிரதி அதிபர், உதவி அதிபர் எனப் பலர் இருந்தும் ஆரம்பப் பிரிவின் மேற்பார்வை மேம்படாதிருப்பதைக் கண்டால், ஆட்தொகை மட்டும் போதாது என்பது விளங்கும். கடமைகள் எழுத்தில் பிரிக்கப்படாத இடத்தில், எல்லோரும் ஒழுக்கத்தையும் விழாவையும் பார்ப்பர்; வகுப்பறையை எவரும் பார்க்க மாட்டார். ஆகவே முதலில் வேண்டுவது, ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பப் பிரிவுப் பொறுப்பாளருக்கு வழங்கப்படும் கடமைக் கடிதத்தில், வாரத்தில் இரு காலைப் பொழுதுகளேனும் தரம் 1, 2 வகுப்பறைகளுக்கென ஒதுக்கப்பட்டு, அந்நேரத்தில் பதில் வகுப்போ படிவமோ கூட்டமோ கேட்கப்படாது என்று வலயக் கல்விப் பணிப்பாளரே உறுதியளிப்பது. அதற்குத் துணையாக ஒவ்வொரு கோட்டத்திலும் ஆரம்பக் கல்வி பயின்ற சிலர் பதிலாசிரியர் அணியாக இருக்கவேண்டும். மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர் பகிர்வு மாகாணத்தின் கையில் இருப்பதால் இவ்விரண்டையும் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் தானே செய்ய முடியும். 2026 ஜனவரியில் தரம் 1இல் புதிய பாடத்திட்டம் தொடங்கியிருக்கும் நிலையில், ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று அதை நடைமுறைப்படுத்த உதவுபவர் எவரென்ற கேள்வி இதைத் தள்ளிப்போட முடியாததாக்குகிறது.

சிறிய பாடசாலைகளுக்கு வேறு வழி தேவை. வெருகல் வீதியிலோ குச்சவெளிக் கரையிலோ அண்மையிலுள்ள மூன்று நான்கு வகை 3 பாடசாலைகளுக்குச் சேர்த்து அதிபர் சேவை மூன்றாம் தரத்தைச் சேர்ந்த ஒருவரைக் கல்விசார் பிரதி அதிபராக நியமித்து, ஒவ்வொரு பாடசாலையிலும் வாரத்தில் ஒரு முழு நாளேனும் அவரை நிற்கச் செய்யலாம். ஆசிரிய ஆலோசகர்களின் வருகையிலிருந்து இது வேறுபடும். அவர் வந்துபோகும் விருந்தினராக இல்லாமல், அப்பாடசாலைகளின் பெறுபேற்றுக்குப் பொறுப்பானவராக இருப்பார். மூத்த ஆசிரியரிடம் கிடக்கும் சாவிக்கொத்துப் பொறுப்புக்கும் அப்போது எழுத்திலான ஓர் அங்கீகாரம் தரமுடியும். இதற்கு முன் தீர்க்கவேண்டியவை சில உண்டு. அவருடைய சம்பளம் எந்தப் பாடசாலையின் ஆளணியில் கணக்கிடப்படும், பாடசாலைகளுக்கிடையே செல்வதற்கான பயணப்படியை வலயம் எந்தச் செலவுத் தலைப்பிலிருந்து வழங்கும், நான்கு அதிபர்களில் எவருக்கு அவர் விடுமுறை விண்ணப்பம் கொடுப்பார் என்பன, இன்றைய விதிகளில் விடையில்லாத நிருவாகக் கேள்விகள்.